தாயும் சேயும்

மனித வாழ்வில் மகிழ்ச்சி தரும் நிகழ்ச்சிகள் பல உள. அவற்றுள் தலையாயது, வீட்டில் ஒரு புதிய உயிர் தோன்றுவதே எனலாம். மழலைக் குரல் கேட்ட வீடு, அது குடிசையே ஆயினும், மாளிகையின் பொலிவைப் பெற்றுவிடுகிறது. ஆயினும் அம்மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் தொன்றுதொட்டுக் கலந்தே வந்துள்ளது. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் முன்னோர் கூற்று. தாயாகும் பெண் சாவின் வாயில்வரை சென்று மீள்கிறாள் என்பது அதன் பொருள். மீண்டவர் பலர், மீளாது போனவரும் பலர்.

மீளாதவர் ஏன் மீளவில்லை? விதி முடிந்தது என்று சொல்லி அமைவது எளிது. ஆனால் அது உண்மையான விடையாகாது. அவர்களுள் மிகப் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதே மருத்துவ நூலார் கண்ட முடிவு. இதனை விளக்குவதற்கு இரண்டு வரலாறுகளை முதற்கண் அறிவோம். ஒன்று நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது; மற்றொன்று ஐரோப்பாவில் நிகழ்ந்தது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890களின் முற்பகுதியில், திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் பணியாற்றி வந்தார். நோயுற்றிருந்த அன்னைக்குத் துணையாக இருக்கும் பொருட்டு, அவருடைய மகள் ஐடா ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மருத்துவம் பயிலும் எண்ணமோ, இந்நாட்டிலேயே தங்கிப் பணி செய்யும் எண்ணமோ அப்போது அவருக்கு இல்லை.

ஒருநாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றனர். மூவருடைய இளம் மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். “நான் மருத்துவம் அறியேன், என் தந்தையார் உடனே வருவார்” என்று அவர் ஒவ்வொருவரிடமும் கூறினார். ஆனால் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. வழக்கம் குறுக்கே நின்றது. மூவரும் வந்த வழியே திரும்பினர். மறுநாள் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி கிடைத்தது.

அச்செய்தி ஐடாவின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார்; 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். சிறு அறையொன்றில் தொடங்கிய அவருடைய தொண்டு மருத்துவமனையாக வளர்ந்தது. 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் அவர் அங்கே நிறுவினார். அந்த மூன்று பெண்களும் இறந்தது மருத்துவர் இல்லாமையால் அன்று. மருத்துவர் சில அடி தூரத்தில் இருந்தார். அவரிடம் செல்லும் கதவே மூடப்பட்டிருந்தது.

வியன்னா நகரின் இரண்டு பகுதிகள்

இனி, அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நிகழ்ந்ததைக் காண்போம். அந்நகரின் பெரிய பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரண்டு பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் சேர்ந்த தாய்மார் நூற்றுவருள் ஏறத்தாழப் பதினொருவர், பேற்றுக்குப் பின் வரும் கடுங்காய்ச்சலால் மாண்டனர். இரண்டாம் பகுதியிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே இறந்தனர். முதற்பகுதியில் தம்மைச் சேர்க்க வேண்டா என்று பெண்கள் கண்ணீர் விட்டு மன்றாடினராம்.

அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய முயன்றார். கட்டடம் ஒன்றே, காற்றும் ஒன்றே. பின் வேறுபாடு யாது? 1847ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிண ஆய்வின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி தம் கையில் பட்டு, அதனால் இறந்தார். அவர் உடலிலும் தாய்மாரின் உடலிற் கண்ட குறிகளே காணப்பட்டன. உண்மை புலனாயிற்று. முதற்பகுதி மாணவர்கள் பிண ஆய்வுக் கூடத்திலிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்டனர். மருத்துவச்சிகள் பிணங்களைத் தொடுவதில்லை. நஞ்சு கைகளின் வழியே வந்து கொண்டிருந்தது!

அவ்வாண்டு மே மாதத்தில், எவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடல் வேண்டும் என்று செம்மல்வைஸ் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. புதிய கருவி எதுவும் இல்லை. கழுவிய கை ஒன்றே அத்தனை உயிர்களைக் காத்தது.

ஆனால் அக்கால மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. ‘எம் கையா கொலை செய்தது?’ என்று வெகுண்டனர். செம்மல்வைஸ் மனம் உடைந்து, 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் காலமானார். நோய்நுண்மங்களைப் பற்றிய அறிவு வளர்ந்த பின்னரே உலகம் அவர் பெருமையை உணர்ந்தது.

மாணவர்களே! ஒரு கதையில் மூடிய கதவு தாய்மாரைக் கொன்றது. மற்றொன்றில் கழுவாத கை கொன்றது. முன்னது காலத்தாழ்வு, பின்னது தூய்மையின்மை. இரண்டும் தாயின் குற்றமல்ல, சுற்றியிருந்தோர் குற்றம். எனவே, தாயின் உயிரும் சேயின் உயிரும் தாய் ஒருத்தியின் கையில் மட்டும் இல்லை. அவளைச் சூழ்ந்திருக்கும் அனைவர் கையிலும் உள்ளன. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நம் வீட்டில் செய்ய வேண்டுவன யாவை என்பதை இனி ஆராய்வோம்.

கருவுற்ற காலம்

உங்கள் அக்காள் கருவுற்றிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் செய்ய வேண்டிய முதற்கடமை யாது? செய்தி தெரிந்தவுடனே, முதல் மூன்று மாதத்திற்குள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அவள் பெயரைப் பதிவு செய்தலே ஆகும். அங்கே தாய்க்கெனத் தனி அட்டை ஒன்று தருவர். எடை, இரத்த அழுத்தம், குருதிச் சிவப்பின் அளவு, சிறுநீரில் புரதம், குருதியில் சர்க்கரை முதலியவை அதில் ஒவ்வொரு முறையும் குறிக்கப்பெறும். அவ்வட்டை வெறுங்காகிதம் அன்று. அஃது இரண்டு உயிர்களின் வரலாறு.

‘நன்றாகத்தானே இருக்கிறாள்; எதற்கு மருத்துவமனை?’ என்று சிலர் வினவுவர். பார்வைக்கு நலமாக இருப்பவளிடத்தும் பகை மறைந்திருத்தல் கூடும். இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டினாலும், முதலில் எந்த வலியும் தோன்றாதிருக்கலாம். பின்னர் அது திடீரென வலிப்பாக மாறித் தாயையும் சேயையும் ஒருங்கே அழித்துவிடக்கூடும். கையில் கட்டும் அழுத்தமானி ஒன்றே அதனை முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். ஆதலின், குறித்த நாள்களில் தவறாது சென்று சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது சோகை நோய். கருவுற்ற பெண்ணின் குருதியில் சிவப்பணுப் பொருள் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும். குருதி நிறைந்த தாய் பேற்றின்போது ஏற்படும் இழப்பைத் தாங்குவாள். சோகையுற்ற தாய்க்குச் சிறிது குருதி சிந்தினும் பேரிடரே. இதற்காகவே நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. குறைந்தது 180 நாள்கள் அதனை உட்கொள்ளல் வேண்டும். மாத்திரையால் மலம் கறுக்கும். சிலருக்குச் சிறிது குமட்டலும் உண்டாகும். அதற்கு அஞ்சி மாத்திரைகளைப் பரணில் போட்டுவிடுவோர் பலர். இரவு உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். தேநீர், காப்பி, பால் ஆகியவற்றுடன் சேர்த்து உண்டால் இரும்பு உடம்பில் நன்கு சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவை அது நன்கு சேரத் துணைபுரியும்.

உணவைப் பற்றியும் தவறான எண்ணங்கள் உலவுகின்றன. மிகுதியாக உண்டால் குழந்தை பெரிதாகிப் பேறு கடினமாகும் என்று கருதி, வயிற்றைக் குறைப்பார் உளர். இது பெருந்தவறு. அரைவயிறு உண்ணும் தாயின் குழந்தை எடை குறைந்தும் வலிமை குன்றியும் பிறக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், நிலக்கடலை, முட்டை, மீன், பால், அந்தந்தப் பருவத்துப் பழங்கள் ஆகியவை எளிதிற் கிடைப்பவை. வீட்டில் அனைவரும் உண்ட பின் எஞ்சியதை அவள் உண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். அவள் தட்டில் முதலில் பரிமாறுவதே அறம். கடுஞ்சுமை தூக்கல் கூடாது. பகலில் சிறிது ஓய்வும், இரவில் போதிய உறக்கமும் வேண்டும். பிறக்கும் குழந்தையை இசிவு நோய் அணுகாமற் காக்கும் தடுப்பூசியையும் தாய் போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் வரும் அந்நோயை இந்தியா ஒரு பெருங்கேடு என்னும் நிலையிலிருந்து 2015ஆம் ஆண்டில் நீக்கியது. அதற்கு இத்தடுப்பூசியும், தூய்மையான பேறுகாலமுமே காரணங்களாம்.

நம் நாட்டில் வளைகாப்பு நடத்தி, முதற்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது இனிய வழக்கம். ஆயினும் அதில் ஒரு சிறு இடர் ஒளிந்திருக்கிறது. ஏழு மாதம் அவளைப் பார்த்துவந்த செவிலியர் ஓர் ஊரில். பேறு நிகழ்வதோ மற்றோர் ஊரில். சீர்வரிசைப் பொருள்களோடு அந்த அட்டையையும் எடுத்துவர மறந்தால், புதிய ஊரின் மருத்துவருக்கு அவள் உடல்நிலை ஒன்றும் தெரியாது. வந்த மறுநாளே அவ்வூர்ச் செவிலியரைக் கண்டு அட்டையைக் காட்டுதல் வேண்டும்.

காலத்தாழ்வு என்னும் பகை

கருவுற்ற காலத்தில் சில குறிகள் தோன்றினால், ஒரு நாழிகையும் தாழ்க்கலாகாது. குருதிப்போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல், வலி தோன்றுமுன் பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியன அவை. இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தாய்மார் இறப்பை ஆராய்ந்த அறிஞர்கள் மூன்று தாழ்வுகளைக் குறிப்பிடுகின்றனர். மருத்துவமனைக்குப் போவதா வேண்டாவா என்று முடிவு செய்வதில் ஏற்படுவது முதலாவது. வண்டி கிடைக்காமலும் வழி தொலைவாலும் ஏற்படுவது இரண்டாவது. மருத்துவமனையை அடைந்த பின் உரிய மருத்துவம் கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. மூன்றாவது அரசும் மருத்துவர்களும் களைய வேண்டியது. இரண்டாவதைக் களைவதில் தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்தி பெருந்துணை புரிகிறது. முதலாவதோ முழுக்க முழுக்க வீட்டில் உள்ளது. ‘அவள் கணவர் வரட்டும்’, ‘பெரியவரைக் கேட்போம்’, ‘விடியட்டும்’ என்னும் சொற்கள் எத்தனை உயிர்களைக் குடித்துள்ளன! திண்டிவனத்தில் மூடியிருந்த கதவு இதுவே அன்றோ?

ஆதலின், எட்டாம் மாதத்திலேயே வீட்டார் கூடி முடிவு செய்ய வேண்டுவன சில உண்டு. எந்த மருத்துவமனைக்குச் செல்வது? உடன் செல்பவர் யார்? நள்ளிரவாயின் எவ்வண்டி? தேவைப்படின் குருதி கொடுக்க யார் இருக்கின்றனர்? கையில் பணம் எவ்வளவு? இவற்றை முன்னரே எழுதி வைத்த வீட்டில், வலி தோன்றிய பின் ஆலோசனைக்கு இடமில்லை. புறப்படுதல் ஒன்றே எஞ்சும்.

பேறு மருத்துவமனையிலேயே நிகழ்தல் வேண்டும். அதற்குத் தலையாய காரணம், பேற்றுக்குப் பின் ஏற்படும் பெருங்குருதிப்போக்கு. நலமாகப் பெற்றெடுத்த தாயும் அதனால் சில மணி நேரத்தில் உயிர் துறக்கக்கூடும். யாருக்கு அது வரும் என்று முன்கூட்டி அறிதல் அரிது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தும், குருதி ஏற்றும் வசதியும் வீட்டில் இருப்பதில்லை. இயல்பான பேறாயினும், இரண்டு நாள்கள் மருத்துவமனையில் தங்குதல் நலம்.

பிறந்த குழந்தை

குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரம் விலைமதிப்பற்றது. தாயின் வயிற்றில் வெதுவெதுப்பான நீரில் மிதந்த குழந்தை, ஈர உடம்போடு வெளிக்காற்றுக்கு வருகிறது. ஈரத்தைத் துடையாது விட்டால் அதன் உடற்சூடு விரைந்து குறையும். எனவே, தூய துணியால் துடைத்து, தாயின் மார்பில் உடலோடு உடல் படுமாறு கிடத்தி, தலையோடு சேர்த்துப் போர்த்த வேண்டும். பிறந்தவுடன் குளிப்பாட்டல் கூடாது; குறைந்தது ஒருநாள் கழியட்டும். எடை குறைந்த குழந்தையாயின் மேலும் காத்திருத்தல் வேண்டும்.

தாயின் மார்பே குழந்தைக்குச் சிறந்த தொட்டில் என்பதை உலகுக்கு விளக்கியது தென் அமெரிக்காவின் கொலம்பிய நாடு. 1970களின் இறுதியில், அந்நாட்டின் பொகோட்டா நகரிலிருந்த ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்னும் மருத்துவர், அக்குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் சுமப்பது போன்றிருப்பதால், அது கங்காரு முறை எனப் பெயர் பெற்றது. வறுமையால் தோன்றிய அம்முறை பின்னர் வளமான நாடுகளுக்கும் பாடமாயிற்று. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இவ்வாறு அணைத்து வைத்தால், முதல் மாதத்து இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்று காட்டியது. தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையும் பாட்டியும் இவ்வாறு அணைக்கலாம்.

அந்த முதல் மணி நேரத்திலேயே குழந்தைக்குத் தாய்ப்பால் தருதல் வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை, கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவார் இன்னும் உளர். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதிலேதான் செறிந்துள்ளது. அதனைக் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து என்றே கூறலாம். அளவில் அது சிறிதே. பிறந்த குழந்தையின் வயிறும் சிறிதே. பால் போதவில்லை என்று அஞ்சிச் சர்க்கரை நீரும், சேனை என்று வேறு பொருள்களும் நாவில் தடவுதல், தூய வயிற்றில் நோய்நுண்மங்களை ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். கோடைக்காலத்திலும் தண்ணீர் வேண்டுவதில்லை. முதல் வாரம் கழிந்த பின், நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் பால் போதுகிறது என்று தாய் அமைதி கொள்ளலாம்.

தொப்பூழ்க்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் என எதையும் இடலாகாது. ஒன்றும் இடாமல் உலர விட்டால் அது தானே விழும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், கண்ணுக்கு மை தீட்டுதல், சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்தருகே காட்டுதல் ஆகியனவும் தீமையே பயக்கும். பாட்டியார் இவற்றை அன்பினாலேயே செய்கின்றனர். அவர்களை எள்ளி நகையாடுதல் தகாது. அவர்களுடைய எண்ணெய் தடவும் கைப்பக்குவமும், தாலாட்டும், இரவெல்லாம் விழித்திருக்கும் பரிவும் குழந்தைக்கு வேண்டியவையே. தீங்கு தருவதை மட்டும் பணிவோடு எடுத்துச் சொல்லி விலக்க வேண்டும். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர், அதனைத் தூக்குமுன் சோப்பிட்டுக் கைகழுவல் வேண்டும். இதைக் கூறக் கூச்சப்படலாகாது. செம்மல்வைஸின் வரலாற்றை நினைத்துக்கொள்க.

பால் குடிக்க மறுத்தல், அசைவின்றித் துவண்டு கிடத்தல், விரைந்து மூச்சு விடுதல், மூச்சு விடும்போது மார்பு உள்வாங்குதல், வலிப்பு, உடல் சுடுதல், உடல் குளிர்ந்து போதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல், தொப்பூழில் சீழ் வடிதல் ஆகியன பிறந்த குழந்தைக்கு ஆபத்தான குறிகள். பெரியவர்க்கு நோய் முற்ற நாளாகும். குழந்தைக்கு மணி நேரமே போதும். எனவே, வீட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்னும் எண்ணம் வேண்டா. பிறந்தவுடன் போட வேண்டிய தடுப்பூசிகளையும், பின்னர் ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட வேண்டியவற்றையும் தவறாது போடுதல் வேண்டும்.

பெற்ற தாய்

குழந்தை பிறந்ததும் வீட்டார் கண்கள் அனைத்தும் அதன்மீதே செல்கின்றன, பெற்றவளை மறந்துவிடுகின்றனர். பத்தியம் என்று சொல்லித் தாய்க்கு உணவையும் நீரையும் குறைத்தல் தவறு. பாலூட்டும் தாய்க்கு முன்னினும் மிகுதியான உணவு வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மேலும் ஆறு மாதம் தொடர வேண்டும். பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு மிகுதல், காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கால் வீங்கி வலித்தல், தலைவலி, வலிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். சில தாய்மார் காரணமின்றி அழுவர், உறக்கமின்றித் தவிப்பர், குழந்தையைக் காணவும் விரும்பாது ஒதுங்குவர். அது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. மனத்தின் நோயாகிய அதற்கும் மருத்துவம் உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் அது நீடித்தால் மருத்துவரிடம் கூறல் வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அவள் சொன்னால், ஒருநாளும் காத்திராது, அவளைத் தனியே விடாது, உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

முடிவுரை

இம்முயற்சிகளுக்குப் பயன் உண்டா என்று ஐயுற வேண்டா. 2001 முதல் 2003 வரையிலான கணக்கின்படி, இந்தியாவில் ஓரிலட்சம் குழந்தைகள் பிறக்கும்போது 301 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் அவ்வெண் 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 134 ஆக இருந்தது 54 ஆயிற்று. விதியே காரணமாயின் இவ்வெண்கள் குறைந்திருக்குமா? மனிதரின் அறிவும் முயற்சியுமே இவற்றைக் குறைத்தன. ஆனால் 54 என்பதும் வெறும் எண் அன்று. அவை ஐம்பத்து நான்கு வீடுகள். அவ்வீடுகளில் தாயின் முகத்தைக் காணாத குழந்தைகள் உள்ளனர்.

மாணவ மாணவியரே! இவையெல்லாம் பெரியவர்க்குரிய செய்திகள் என்று ஒதுக்காதீர்கள். பள்ளியில் வாரந்தோறும் தரப்பெறும் இரும்புச்சத்து மாத்திரையை இன்று உட்கொள்ளும் சிறுமியே நாளை நலமுள்ள தாயாவாள். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணமில்லை என்னும் சட்டமும் அவள் உடலையும் வாழ்வையும் காக்கும் வேலியே. கைகழுவக் கற்ற சிறுவனே நாளை பொறுப்புள்ள தந்தையாவான். அக்காளின் அட்டையைப் படித்து, அடுத்துச் செல்ல வேண்டிய நாளை நினைவூட்ட உங்களால் இயலும். நள்ளிரவில் பெரியவர்கள் தயங்கி நிற்கும்போது 108ஐ அழைக்கவும் உங்களால் இயலும். அன்று திண்டிவனத்தில் மூடிய கதவைத் திறக்க ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் அக்கதவு மூடாதிருக்கும்படி நீங்கள் காத்து நில்லுங்கள்.

பயிற்சி

1. திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்ததற்குக் காரணம் யாது? அந்நிகழ்ச்சி ஐடா ஸ்கடரின் வாழ்வை எவ்வாறு மாற்றியது?

2. வியன்னா மருத்துவமனையின் இரு பகுதிகளிலும் இறப்பு வேறுபட்டதன் காரணத்தைச் செம்மல்வைஸ் எங்ஙனம் கண்டறிந்தார்?

3. மூன்று தாழ்வுகள் யாவை? அவற்றுள் வீட்டாரால் களையத்தக்கது எது?

4. சீம்பாலின் சிறப்பையும் கங்காரு முறையின் பயனையும் விளக்குக.

5. ‘தாயின் உயிர் அவளைச் சூழ்ந்திருப்போர் கையில் உள்ளது’ என்னும் பொருள் பற்றி ஒரு கட்டுரை வரைக.